சிப் ஆலை வந்தால் ஊர் வளருமா? குமமோட்டோ சொல்லும் பதில்

ஜப்பானின் தென்மேற்கில் கியூஷூ தீவு. அதன் நடுவே குமமோட்டோ மாகாணம். அந்த மாகாணத்தில் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் கிகுயோ என்ற சிற்றூர், கேரட் விளைச்சலுக்குப் பெயர் பெற்றது. உலகின் மிகப்பெரிய ஒப்பந்தச் சிப் தயாரிப்பு நிறுவனமான தைவானின் டிஎஸ்எம்சி, ஜப்பானில் தன் முதல் ஆலையை 2024 பிப்ரவரி 24 அன்று இந்த ஊரில்தான் திறந்தது. சோனி, டென்சோ, டொயோட்டா ஆகிய நிறுவனங்களும் இதில் பங்குதாரர்கள். அருகிலேயே இரண்டாவது ஆலையும் திட்டமிடப்பட்டது. இரண்டுக்கும் சேர்த்து முதலீடு 2,000 கோடி டாலருக்கு மேல் என்று அறிவிக்கப்பட்டது. ஜப்பான் அரசு ஏறக்குறைய 1.2 லட்சம் கோடி யென் வரை மானியம் தர முன்வந்தது. இப்படியொரு ஆலை தங்கள் மண்ணுக்கு வராதா என்று இன்று பல நாடுகளும் பல மாநிலங்களும் ஏங்குகின்றன. ஆலை வந்தால் ஊர் மாறும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எந்தத் திசையில் மாறும் என்பது ஆலையின் கையில் இல்லை. ஆலைக்கு முன்பே அந்த வட்டாரம் எதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தது, தன் தண்ணீருக்கும் நிலத்துக்கும் உழைப்புக்கும் விதி வகுக்கும் வலு அதற்கு உண்டா என்பவைதான் அதை முடிவு செய்கின்றன. குமமோட்டோவின் அனுபவத்தை ஊன்றிப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதலில் ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 12 அங்குல விட்டமுள்ள சிலிக்கான் வட்டத்தகடுதான் மூலப்பொருள். அதன்மேல் மெல்லிய படலம் பூசுவார்கள், ஒளியால் வடிவம் பதிப்பார்கள், வேண்டாத இடங்களை அரித்தெடுப்பார்கள், கழுவுவார்கள், மறுபடி பூசுவார்கள். இப்படி நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து, பல வாரங்கள் கழித்தே ஒரு தகடு முழுமையடைகிறது. கிகுயோ ஆலையின் திட்டம், மாதத்துக்கு 55,000 தகடுகள். வேலையின் பெரும்பகுதியைச் செய்பவை இயந்திரங்கள்தான். அறிவிக்கப்பட்ட முதலீட்டில் பெரும்பங்கு அந்த இயந்திரங்களின் விலையாக நெதர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஜப்பானின் மற்ற நகரங்களுக்கும் போய்விடுகிறது. ஆகவே முதலீட்டுத் தொகையை ஊரின் வருமானமாக எண்ணிக்கொள்வது முதல் பிழை. வேலைவாய்ப்பை மட்டும் பார்த்து எடைபோடுவது இரண்டாவது பிழை. முதல் ஆலைக்கு நேரடி ஊழியர்கள் சுமார் 1,700 பேர். இரண்டு ஆலைக்கும் சேர்த்து 3,400 பேர் என்பதுதான் கணக்கு. இதில் பத்தில் ஒரு பங்குகூட முதலீடு தேவைப்படாத ஒரு காலணித் தொழிற்சாலை, இதைவிடப் பல மடங்கு பேருக்கு வேலை தந்துவிடும். சிப் ஆலையால் ஒரு வட்டாரத்துக்குக் கிடைக்கும் பலன் வேறு வழிகளில் வருகிறது: உயரும் ஊதியம், உள்ளூர் வரி, சுற்றிலும் முளைக்கும் துணைத்தொழில்கள், தலைமுறை தாண்டி நிற்கும் தொழில்திறன். இந்த நான்கும் தாமாக வந்துவிடுவதில்லை.

டிஎஸ்எம்சி குமமோட்டோவைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனம் 1967லேயே அங்கே சிப் தயாரிப்பைத் தொடங்கியது. அடுத்து என்இசி வந்தது. பிறகு, தகடு கழுவும் கருவிகளையும் பூச்சுக் கருவிகளையும் செய்யும் டோக்கியோ எலக்ட்ரான் வந்தது. 2001இல் சோனி தன் ஆலையைக் கிகுயோவிலேயே அமைத்தது. கேமராக்களுக்கும் செல்பேசிகளுக்கும் தேவையான ஒளி உணரிகள் அங்கே உருவாகின்றன. கியூஷூவுக்குச் சிலிக்கான் தீவு என்ற பட்டம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1988 வாக்கில் உலகச் சிப் விற்பனையில் பாதி ஜப்பானிடம் இருந்தது. 2019இல் அது பத்து சதவீதம் அளவுக்குச் சரிந்தது. பங்கு சரிந்தபோதும் கியூஷூவின் ஆட்களும் பட்டறைகளும் வேதிப்பொருள் வியாபாரிகளும் பராமரிப்புக் குழுக்களும் காணாமல் போகவில்லை. 2016 ஏப்ரலில் குமமோட்டோவை அடுத்தடுத்துப் பெரும் நிலநடுக்கங்கள் உலுக்கின. சோனி ஆலை நின்றுபோனது. அதைச் சில வாரங்களில் மீண்டும் இயங்க வைத்தவர்கள் இந்த ஆட்கள்தான். 2021இல் சிப் பற்றாக்குறையால் டொயோட்டா தன் உலகளாவிய செப்டம்பர் மாத உற்பத்தித் திட்டத்தில் 40 சதவீதத்தைக் குறைக்க நேர்ந்தது. அப்போது ஜப்பான் அரசு ஆலைக்கு இடம் தேடியபோது, வாடிக்கையாளரான சோனி பக்கத்து மனையிலேயே இருந்தது. 2022 ஏப்ரலில் தொடங்கிய கட்டுமானம் இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்ததற்கு, இரவு பகலாக நடந்த வேலையோடு இந்த ஐம்பதாண்டு அடித்தளமும் காரணம்.

அடித்தளம் இல்லாத இடத்தில் வெறும் சலுகையை நம்பி இறங்கினால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் சாட்சி. அங்கே மவுண்ட் பிளசன்ட் என்ற கிராமத்தில் மின்னணுத் திரைத் தொழிற்சாலை ஒன்றை அமைப்பதாகத் தைவானின் பாக்ஸ்கான் நிறுவனம் 2017இல் அறிவித்தது. 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலைகள் என்பது வாக்குறுதி. கிராமம் கடன் வாங்கிச் சாலையும் குழாய்களும் போட்டது. நிலத்துக்காக வீடுகள் இடிக்கப்பட்டன. 2021இல் ஒப்பந்தம் திருத்தி எழுதப்பட்டபோது வேலைகளின் எண்ணிக்கை 1,454 ஆகச் சுருங்கியிருந்தது. அந்த வட்டாரத்தில் திரை செய்யத் தெரிந்தவர்களும் இல்லை, உதிரிப் பொருள் தருபவர்களும் இல்லை, பக்கத்தில் வாடிக்கையாளரும் இல்லை. சிப்பும் திரையும் வேறுவேறு பொருள்கள் என்றாலும் பாடம் இரண்டுக்கும் பொது. மானியம் ஒரு நிறுவனத்தை வாசல்வரை அழைத்து வரலாம். அது வேர் பிடிப்பதற்கான மண்ணை ஊர்தான் வைத்திருக்க வேண்டும்.

குமமோட்டோவில் முதலில் தெரிந்த மாற்றம் ஊதியத்தில்தான். புதிதாகப் பட்டம் பெற்று வருபவர்களுக்கு மாதம் 2,80,000 யென், முதுகலைப் பட்டதாரிகளுக்கு 3,20,000 யென் என்று அந்த ஆலை 2022இல் ஆள் எடுக்கத் தொடங்கியது. அந்த மாகாணத்தில் வழக்கமாகக் கிடைத்து வந்த தொடக்கச் சம்பளத்தைவிட இது மிக அதிகம். ஜப்பானின் சிறு மாகாணங்களில் படித்த பிள்ளைகள் டோக்கியோவுக்கோ ஃபுக்குவோக்காவுக்கோ போய்விடுவதும், முதியவர்கள் மட்டும் ஊரில் மிஞ்சுவதும் நீண்ட காலத் துயரம். அப்படியிருக்க, சொந்த ஊரிலேயே இருந்து நல்ல சம்பளம் வாங்கும் வழி பிறந்தது பெரிய செய்தி. ஆனால் அதே சம்பளம் உள்ளூர்ச் சிறு பட்டறைக்கும் முதியோர் இல்லத்துக்கும் கட்டுமான நிறுவனத்துக்கும் நெருக்கடியாக மாறியது. அவர்களால் அந்த அளவுக்குக் கொடுக்க முடியாது. ஆட்கள் கிடைப்பது அரிதாயிற்று. இது தீங்கா என்று கேட்டால், குறுகிய காலத்தில் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். இருக்கும் ஆட்களை ஆலையும் ஊரும் போட்டியிட்டு இழுத்துக்கொண்டே இருந்தால், ஒருவருடைய லாபம் மற்றவருடைய நட்டமாகவே முடியும். ஆட்களின் தொகையைப் பெருக்குவது மட்டுமே தீர்வு. குமமோட்டோ பல்கலைக்கழகம் 2024 ஏப்ரலில் தரவு அறிவியலுக்கு ஒரு புதிய கல்விப் பிரிவையும், பொறியியல் துறையில் சிப் பொறியியலுக்கென்று தனிப் படிப்பையும் தொடங்கியது. பதினைந்து வயதிலேயே மாணவர்களைச் சேர்த்து ஐந்தாண்டு பயிற்சி தரும் தேசியத் தொழில்நுட்பக் கல்லூரிகளும் கியூஷூவில் சிப் பாடங்களைச் சேர்த்தன. ஆலை ஒருநாள் போய்விட்டாலும் இந்த வகுப்பறைகள் ஊரோடு இருக்கும். ஊர் ஈட்டியவற்றில் மிகவும் நிலையானது இதுதான் என்பேன்.

அடுத்த மாற்றம் நிலத்தில். 2024 ஜனவரி நிலவரப்படி ஜப்பான் அரசு வெளியிட்ட நில மதிப்பில், நாட்டிலேயே வணிக மனை விலை மிக அதிகமாக ஏறிய இடம் கிகுயோவின் பக்கத்து ஊரான ஓசு, ஓராண்டில் 33.2 சதவீதம். கிகுயோவில் 30.8 சதவீதம். நிலம் வைத்திருந்தவருக்கு இது யோகம். வாடகைக்குக் குடியிருப்பவருக்கும், குத்தகை நிலத்தில் மாட்டுத் தீவனச் சோளம் பயிரிடும் பால் பண்ணைக்காரருக்கும் இது இடி. அந்த வட்டாரம் மேற்கு ஜப்பானின் முக்கியமான பால் உற்பத்திப் பகுதி. நிலச் சொந்தக்காரர் மனைக்கு விற்க முடிவெடுத்தால் குத்தகைதாரர் வேறு நிலம் தேட வேண்டியதாகிவிடும். சாலையின் கதையும் இதேதான். ஆலைக்கு அருகிலுள்ள ரயில் நிலையமான ஹராமிசு, ஊழியரே இல்லாத சின்ன நிலையம். வயல்களுக்கு நடுவே போடப்பட்ட குறுகிய சாலைகளில் காலையும் மாலையும் கார்கள் ஊர்ந்தன. இரண்டாவது ஆலையின் கட்டுமானம் சற்றுத் தள்ளிப்போனதற்குப் போக்குவரத்து நெரிசலே காரணம் என்று 2025 ஜூனில் டிஎஸ்எம்சி தலைவர் சி. சி. வெய் பங்குதாரர் கூட்டத்தில் சொன்னார். உலகின் ஆகச் சிக்கலான பொருளைச் செய்யும் நிறுவனத்தைத் தடுத்து நிறுத்தியது ஒரு கிராமத்துச் சாலை. ஜப்பானில் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் பொதுவாக 1.4 சதவீதச் சொத்துவரி உண்டு. அது உள்ளாட்சிக்கே போகிறது. ஆகவே கிகுயோவுக்குச் சாலை போடவும் பள்ளி கட்டவும் பணம் வரும். ஆனால் செலவு முன்னால் நிற்கிறது, வரவு பின்னால் வருகிறது. நெரிசலும் வாடகை உயர்வும் ஓசுவிலும் அண்டை நகரான கோஷியிலும் குமமோட்டோ நகரிலும் இருக்க, வரி மட்டும் ஆலை நிற்கும் ஊருக்குச் சேர்கிறது. இந்தக் கணக்கை நேர்செய்ய வேண்டியது மாகாண அரசின் கடமை.

இந்தக் கதையில் எல்லாவற்றிலும் முக்கியமானது தண்ணீர். ஒவ்வொரு படி முடிந்ததும் தகட்டைக் கழுவ மிகத் தூய நீர் வேண்டும். முதல் ஆலைக்கு ஆண்டுக்கு சுமார் 31 லட்சம் டன் நிலத்தடி நீர் எடுக்கத் திட்டம். குமமோட்டோ நகரின் 7 லட்சத்து 40 ஆயிரம் மக்களும் குடிப்பது அதே நிலத்தடி நீர்தான். ஆற்று நீர் அங்கே குழாய்க்கு வருவதில்லை. ஆசோ எரிமலை பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் உமிழ்ந்த பாறைகளும் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்த பூமி அது. ஷிரகவா ஆற்றின் நடுப்பகுதியில், அதாவது கிகுயோவும் ஓசுவும் இருக்கும் இடத்தில், வயலில் நீர் கட்டினால் சல்லடையில் ஊற்றியது போல் இறங்கிவிடும். சாதாரண நெல் வயலைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு வேகம். நானூறு ஆண்டுகளுக்கு முன் காட்டோ கியோமாசா என்ற பிரபு அங்கே வாய்க்கால் வெட்டி நெல் சாகுபடியைப் பரப்பினார். அன்று முதல் நெல் வயல்களே ஊரின் நிலத்தடி நீரை நிரப்பி வந்தன. 1970க்குப் பிறகு நெல் பரப்பைக் குறைக்கும் அரசுக் கொள்கை வந்தது, நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. அதனால் 2004 முதல் குமமோட்டோ நகரம், ஊர் எல்லை தாண்டி, கிகுயோ, ஓசு விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கிறது. கோதுமை அறுவடை முடிந்து கேரட் விதைப்பதற்கு முன் வயல் சும்மா கிடக்கும் கோடை மாதங்களில் வாய்க்கால் நீரைத் திறந்து கட்டி நிறுத்த வேண்டும். எத்தனை நாள், எவ்வளவு பரப்பு என்பதைப் பொறுத்துத் தொகை. நீர் தேங்கி நின்று களையும் வேர்ப்புழுவும் குறைவதால் விவசாயிக்கும் ஆதாயம். கிகுயோவில் இருந்த சோனி ஆலை அதற்கு முந்தைய ஆண்டே இந்த வேலையில் இறங்கியிருந்தது. 2013இல் இந்த ஏற்பாட்டுக்கு ஐக்கிய நாடுகள் அவையின் தண்ணீர் விருது கிடைத்தது.

டிஎஸ்எம்சி வந்தபோது தண்ணீருக்கான விதிகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய அளவில் நீர் எடுப்பவர் அனுமதி பெற வேண்டும், மீள்நிரப்பவும் வேண்டும் என்று மாகாணச் சட்டம் 2012இலேயே திருத்தப்பட்டிருந்தது. எடுக்கும் அளவுக்கு நிகராக நிரப்ப வேண்டும் என்று 2023இல் நெறிமுறை மேலும் இறுக்கப்பட்டது. நிறுவனமும் அதே ஆண்டு மாகாணத்தோடும் உள்ளாட்சிகளோடும் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆலைக்காக விதி தளர்த்தப்படவில்லை. ஆலை விதிக்குள் வந்தது. இந்த உறுதிக்குப் பின்னால் அந்த மாகாணத்தின் பழைய வேதனை ஒன்று இருக்கிறது. மினமாட்டா நகரம் இருப்பதும் இதே குமமோட்டோவில்தான். 1908இல் அங்கே தொடங்கிய சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை ஊருக்கே சோறு போட்டது. நகராட்சியின் வருவாயும் பெரும்பாலானோர் பிழைப்பும் அதை நம்பியே இருந்தன. ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவால் மீன் உண்ட மக்கள் நரம்பு நோய்க்கு ஆளானது 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆனால் கழிவு நின்றதும், அரசு காரணத்தை ஒப்புக்கொண்டதும் 1968இல்தான். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் வாய் திறக்க முடியாமல் இருந்ததற்கு ஆலையை நம்பிய பொருளாதாரம் ஒரு முக்கியக் காரணம். ஒரே நிறுவனத்தின் தயவில் வாழும் ஊர் அந்த நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் வலுவை இழந்துவிடும். சிப் ஆலையிலும் ஆபத்தான வேதிப்பொருள்கள் புழங்குகின்றன. கழிவுநீரையும் ஆற்றுநீரையும் தொடர்ந்து சோதித்து முடிவுகளை வெளியிட வேண்டும் என்று குமமோட்டோ மக்கள் கேட்பது வளர்ச்சிக்கு எதிரான குரல் அல்ல. அந்த வளர்ச்சி நிலைப்பதற்கான காப்பு.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது மானியம். முதல் ஆலைக்கு ஜப்பான் அரசு ஒதுக்கியது 47,600 கோடி யென் வரை. 1,700 வேலைகளால் வகுத்தால் ஒரு வேலைக்கு 28 கோடி யென். இந்தப் பணத்தை மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சிறுதொழிலுக்கும் கொடுத்திருந்தால் இன்னும் பல பேர் பிழைத்திருப்பார்களே என்று கேட்பவரைத் தட்டிக்கழிக்க முடியாது. வேலைவாய்ப்பு என்ற ஒரே அளவுகோலில் இந்த மானியம் தேறாது. மானியம் கொடுப்பவர் சொல்லும் உண்மையான நியாயம் வேறு: சிப் கிடைக்காமல் கார் தொழிற்சாலைகள் நின்றுபோகும் நட்டத்துக்கு எதிரான காப்பீடு அது. பத்தாண்டாவது உற்பத்தியைத் தொடர வேண்டும், தட்டுப்பாடு வந்தால் உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்பவை மானியத்தின் நிபந்தனைகள். இந்த நியாயத்தை ஏற்கலாம். ஆனால் காப்பீட்டின் பலன் நாடு முழுவதற்கும், சுமை கிகுயோவுக்கும் ஓசுவுக்கும் என்றால் அது நேர்மையாகாது. மானியத்தின் ஒரு பகுதி சாலையாக, ரயிலாக, நீர் மீள்நிரப்பலாக, குத்தகை விவசாயிக்கு மாற்று நிலமாக அதே வட்டாரத்துக்கு வந்து சேர வேண்டும். ஆலை தனக்கு வேண்டியதில் 60 சதவீதத்தை 2030க்குள் ஜப்பானிலேயே வாங்குவதாகச் சொல்லியிருக்கிறது. ஜப்பானில் வாங்குவதும் குமமோட்டோவில் வாங்குவதும் ஒன்றல்ல. உள்ளூர்ப் பட்டறைகளைத் தரச்சான்று பெறும் நிலைக்கு உயர்த்தினால்தான் அந்த எண்ணுக்கு ஊரில் மதிப்பு.

இரண்டாவது எதிர்வாதம்: சிப் தொழில் ஏறி இறங்கும் தொழில், நாளை தேவை விழுந்தால் ஆலை முடங்கும், ஊர் நடுத்தெருவில் நிற்கும். அச்சம் நியாயமானது. கார் சிப்களுக்கான தேவை 2024 முதலே மந்தமானது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டதையும், பல்லாயிரம் குடும்பங்கள் தவித்ததையும் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனி காலத்திலேயே அங்கே சிப் ஆராய்ச்சி நடந்தது; 1988இல் ஒரு மெகாபிட் நினைவகச் சிப்பின் மாதிரியைச் செய்து காட்டினார்கள். நாடு இணைந்தபின் பழைய நிறுவனங்கள் சரிந்தன, பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்களை நம்பி 1990களில் சீமென்ஸ் வந்தது, ஏஎம்டி வந்தது. 2009இல் கிமோண்டா என்ற பெரிய நினைவகச் சிப் நிறுவனம் திவாலானபோது ஏறக்குறைய மூவாயிரம் பேர் வேலை இழந்தார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் சுற்றியிருந்த ஆராய்ச்சி நிலையங்களும் துணைத்தொழில்களும் மற்ற ஆலைகளும் பலரை உள்வாங்கிக்கொண்டன. கிமோண்டா விட்டுப்போன ஆலையை 2011இல் இன்ஃபினியான் வாங்கியது. 2024 ஆகஸ்டில் அதே நகரில் டிஎஸ்எம்சி 1,000 கோடி யூரோவுக்கு மேல் மதிப்புள்ள ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. ஒற்றை ஆலையை நம்பிய ஊர் விழுந்தால் எழாது. பல ஆலைகள், பல்கலைக்கழகம், ஆராய்ச்சி, சிறுபட்டறைகள் என்று பின்னிக்கிடக்கும் வட்டாரம் விழுந்தாலும் எழும். நோக்கியா போன இடத்தை 2019இல் சால்காம்ப் நிறுவனம் வாங்கி, பின்னர் அங்கே மீண்டும் உற்பத்தி தொடங்கியதும், அந்த வட்டாரத்தில் மின்னணுத் தொழில் மறுபடி தழைத்ததும் இதையே காட்டுகின்றன.

இந்தியாவும் இன்று இந்தப் பாதையில் அடியெடுத்து வைத்திருக்கிறது. குஜராத்தின் தோலேராவில் டாட்டாவும் தைவானின் பிஎஸ்எம்சியும் 91,000 கோடி ரூபாயில் அமைக்கும் சிப் ஆலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. தமிழ்நாடும் சிப் தொழிலுக்கென 2025இல் தனி இயக்கம் ஒன்றை அறிவித்திருக்கிறது. இந்த முயற்சிகளை வரவேற்போம். ஆனால் குமமோட்டோவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பிரம்மாண்டமான ஆலையின் படத்தை அல்ல, அதற்கு முந்தைய ஐம்பதாண்டு உழைப்பையும் தண்ணீர்ச் சட்டத்தையும்தான். அடுத்த முறை ஒரு சிப் ஆலை வருகிறது என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, எத்தனை கோடி என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். எந்தத் தண்ணீரை எடுக்கப்போகிறார்கள், அதை யார் நிரப்புவார்கள்? எந்தக் கல்லூரியில் எத்தனை பேருக்குப் பயிற்சி? குத்தகை உழவருக்கும் வாடகைக் குடித்தனத்துக்கும் என்ன வழி? கழிவுநீர்ச் சோதனையின் முடிவுகள் மக்கள் கண்ணில் படுமா? இந்தக் கேள்விகளை அடிக்கல் நாட்டும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவோம். ஆலை வந்தபின் கேட்டால் காலம் கடந்திருக்கும்.